மச்சாள் வரட்டும்

பம்பர்ஸின் ஒட்டுப்பட்டியை உரித்த பிறகுதான், புருசன் கதிர்காமத்தம்பியின் கை இன்று தடுக்க வரவில்லை என்பது வசந்தாதேவிக்கு விளங்கியது.

மற்ற நாட்களில் அவள் சாரனை விலக்கினால் போதும். பாரிசவாதம் விட்டுவைத்த இடக்கையால் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துவிடுவார். வலை இழுத்து இழுத்து மரத்த கை. குழறுகிற வாயால் ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "மச்சாள் வரட்டும்."

அந்தக் கை இப்போது விரிப்பில் சும்மா கிடந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

குசினியில் மகள் உசாந்தி தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் அவள் ஓடி வருவாள். அக்கம்பக்கம் நிறையும். சின்னத்தங்கமும் வருவாள். வந்து எல்லாரையும் விலக்கிவிட்டு, "நான் பாக்கிறன்" என்பாள்.

வசந்தாதேவி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

சின்னத்தங்கம் அவருடைய மாமன் மகள். ஒரு காலத்தில் அவருக்கென்று பேசி வைத்திருந்தவள். அந்தப் பேச்சு குழம்பிப்போக, ஆசுபத்திரி வேலைக்குப் போய், வாட்டுகளில் நோயாளிகளைத் துடைத்துத் துடைத்தே பென்சன் எடுத்தவள். இவர் விழுந்த நாளிலிருந்து காலையும் மாலையும் வந்து கழுவித் துடைப்பது அவள்தான். கதவுக்கு இப்பால் நின்று வசந்தாதேவி கேட்டிருக்கிறாள்.

"என்ன மச்சான், தாலி கட்டாமலே குண்டி கழுவ வெச்சிட்டீங்களே."

அவர் சிரிப்பார். கோணிய வாயால், காற்றுப் போகிற மாதிரி ஒரு சிரிப்பு. விழுந்த பிறகு அந்தச் சிரிப்பு வசந்தாதேவிக்குக் கிடைக்கவேயில்லை.

ஒரே ஒரு தரம் வாய்ப்பு வந்தது. சின்னத்தங்கம் களுவாஞ்சிக்குடிக்குக் கலியாணத்துக்குப் போன அன்று. அவர் கையைத் தள்ளிவிட்டு, வசந்தாதேவி சவர்க்காரம் போட்டு அழுத்தித் தேய்த்தாள். வாசமாய் இருக்கட்டுமென்று தொடை இடுக்கெல்லாம் பவுடரைக் கொட்டினாள். மறுநாள் பார்த்தால், பவுடர் மூத்திரத்தில் களியாகித் தோல் உரிந்திருந்தது. சின்னத்தங்கம் ஏசவில்லை. "ஈரத்தில பவுடர் போட்டா உராஞ்சி புண்ணாக்கிப்போடும் புள்ள" என்று மட்டும் சொன்னாள். ஏசியிருந்தால் ஆறியிருக்கும். பார்க்க வருகிறவர்களும் அவர் முதுகைப் பார்த்துவிட்டு, "ஒரு பொட்டுப் புண் இல்ல, தங்கத்தின்ட கைராசி" என்று வசந்தாதேவியிடமே சொல்லிப் போனார்கள்.

இன்று பவுடர் டின்னை அவள் தொடவில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பழைய வேட்டித் துண்டை நனைத்தாள். தேய்க்காமல் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். மடிப்பு மடிப்பாக ஈரம் எடுத்தாள். காற்றுப் பட விட்டாள். ஜன்னலால் வாவிக்காற்று வந்தது. பிறகு வசிலினை மெல்லிசாகப் பூசி, புதுப் பம்பர்ஸ் கட்டி, ஒருக்களித்துக் கிடத்தி, முழங்கால்கள் உரசிப் புண்ணாகாமல் இடையில் சின்னத் தலையணையை வைத்துப் போர்த்திவிட்டாள். எல்லாம் கதவிடுக்கால் பார்த்துப் படித்தது. அவர் தடுக்கவில்லை.

கதவு திறந்தது.

"என்ன மச்சான், இண்டைக்குக் கதவெல்லாம் சாத்திக்கிட்டு..."

சின்னத்தங்கம் நின்றாள். ஒரு பார்வை போதுமாயிருந்தது அவளுக்கு.

"எப்ப?"

"முந்தியே."

"உசாந்திக்குச் சொன்னியா?"

"இல்ல."

சின்னத்தங்கம் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். பம்பர்ஸ் ஓரத்தால் தொடை இடுக்கில் விரலை ஓட்டி, அந்த விரலைப் பார்த்தாள்.

"நல்லா துடைச்சிரிக்காய்."

இந்தச் சொல்லுக்காக எத்தனை நாள் காத்திருந்தாள். இப்போது அது காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

சின்னத்தங்கம் சீலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அவருக்காக முதலில் அழுதவள் அவள்தான் என்பது வசந்தாதேவிக்கு உறைத்தது. தன் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது.

"விறைக்க முந்தி நேரா கிடத்தணும்" என்று மூக்கை உறிஞ்சியபடி சின்னத்தங்கம் தலையணையை எடுக்கக் குனிந்தாள்.

வசந்தாதேவி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"கொஞ்சம் இப்பிடியே இரிக்கட்டும் தங்கக்கா."

"இனி அவருக்குப் புண் வராது புள்ள."

வசந்தாதேவி கையை எடுக்கவில்லை. குசினியில் தேங்காய் திருவும் சத்தம் நின்றது.