பழக்காத பூட்ஸ்

இரண்டாவது மாடிக்கு ஏறும்போதே இடது முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்துவிட்டது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு மண் மைதானத்தில் திருகிக்கொண்ட கால். படி ஏறினால் உள்ளே எலும்பும் எலும்பும் உரசுகிற மாதிரி வலிக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒரே காலை முன்னால் வைத்து வைத்து ஏறினேன். முழங்கால் வலித்தது, இடுப்பு வலித்தது. குதிகாலில் மட்டும் வலி இல்லை. எப்போதும் ஒரு போட்டி முடிந்தால் என் இரண்டு குதிகாலிலும் ஆறாத புண் இருக்கும். இந்த முறை தோல் வழவழவென்று இருந்தது. அதை நினைக்காமல் ஏறத்தான் பார்த்தேன்.

மேலே சங்க அலுவலகத்து வராந்தாவில் பெண்கள் அணி மொத்தமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. உள்ளே விசாரணை. நாட்டுக்காக ஆடப் போனவர்கள் மூன்று ஆட்டத்தில் ஒன்றைக்கூட ஜெயிக்காமல் முதல் சுற்றோடு திரும்பியிருந்தார்கள். அதற்கு யார் பொறுப்பு என்று மூன்று பேர் உள்ளே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கோல் போட்டா நாடே போட்டுச்சும்பாங்க. விட்டா நாம பதினோரு பேருதான் விட்டோம்" என்றாள் கோல்கீப்பர். ஆள் உயரம், உடம்பில் சதை கிடையாது. எல்லோருக்கும் அவள் ஒட்டடைக்குச்சி.

"பதினோரு பேரு எங்கடி விட்டோம்? விட்டது நீ ஒருத்தி."

"நான் பின்னாடி நின்னேன். முன்னாடி நின்ன நீங்கல்லாம் பூப் பறிச்சீங்களா?"

சிரித்தார்கள். பிறகு ஒட்டடைக்குச்சி குரலைத் தாழ்த்தினாள். "டீம் டாக்டரம்மாவ விட்டுட்டு, அவங்க சீட்டுல செயலாளரோட மச்சினன் ஏறி வந்து, மூணு நாளும் போட்டோ எடுத்துக்கிட்டுத் திரிஞ்சானே, அத யாராச்சும் உள்ள சொல்லப் போறீங்களா?"

"நீ சொல்லேன்."

"நான் அடுத்த வருஷமும் ஆடணும் தாயே."

கதவு திறந்தது. வெளியே வந்தது என் தங்கை. ஊருக்கெல்லாம் அவள் பத்தாம் நம்பர். எங்கள் வீட்டில் சின்னவள். நான் பெரியவள். என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்று என் காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. இடது காலை இன்னும் தாங்கித் தாங்கித்தான் வைத்தாள்.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"கால்ல என்னன்னு கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். அணியின் ஜெர்சி, பந்து, பூட்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவள் நான். துவைப்பேன், தைப்பேன், எண்ணி வைப்பேன். அதற்கு முன்னால் நானே ஆடினேன். அந்தப் பத்தாம் நம்பர் ஜெர்சி முதலில் எனக்குத்தான் வந்தது. பத்தொன்பது வயதில் தேசிய முகாமுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். முகாமுக்குப் போக ஆறு நாள் இருக்கும்போது முழங்கால் போனது. என் இடத்தில் யாரையாவது அனுப்ப வேண்டும். என் அளவு ஜெர்சி பதினாறு வயதுத் தங்கைக்குச் சரியாக இருந்தது. அப்படிப் போனவள்தான். திரும்பி வரும்போது நட்சத்திரமாக வந்தாள்.

எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தது கோச்சம்மா. "ஆட முடியலன்னா என்ன, மைதானத்த விட்டுப் போகாத" என்று சொல்லி, செயலாளரிடம் நாலு நாள் நடையாக நடந்து வாங்கித் தந்தார். நல்லதுதான் செய்தார். ஆனால் தினமும் தங்கையின் ஜெர்சியைத் துவைக்கிற வேலை அது. அவளுடைய வியர்வை என் பக்கெட்டில் கரையும். மேலே கரகோஷம் கேட்கும், நான் கீழே சோப்புப் போட்டுக்கொண்டிருப்பேன்.

இன்னொரு வேலையும் உண்டு. அது எந்தக் காகிதத்திலும் இல்லை. எங்கள் இருவருக்கும் அப்பாவின் கால், நீளமும் அகலமும் அச்சு அசல் ஒன்று. புது பூட்ஸ் வந்தால் தோல் இரும்பு மாதிரி இருக்கும். அதை அப்படியே போட்டு ஆடினால் குதிகால் கிழிந்துவிடும். அதனால் அவளுடைய பூட்ஸை நான் பழக்குவேன். வெந்நீரில் நனைத்து, இரண்டு சாக்ஸுக்கு மேல் மாட்டிக்கொண்டு, அது என் காலிலேயே காயும்வரை துணி துவைப்பேன், நடப்பேன், மூட்டை தூக்குவேன். பன்னிரண்டு நாள். என் குதிகால் கிழிந்து ரத்தம் வந்து, புண்ணாகி, அதற்குள் பூட்ஸ் வெண்ணெயாகிவிடும். அதைத் துடைத்து அவளிடம் கொடுப்பேன். அவள் போட்டுக்கொண்டு பறப்பாள். பத்திரிகையில் அவளுடைய காலைப் புகழ்ந்து எழுதுவார்கள்.

இந்தப் போட்டிக்கு ஒரு கம்பெனி அவளுக்கு மட்டும் பூட்ஸ் அனுப்பியது. கயிற்றுக்கு அடியில் இருக்கும் நாக்கில் பத்து என்று தங்க நூலில் தைத்திருந்தது. மற்ற பெண்கள் ஆண்கள் அணி போட்டுக் கழித்ததைப் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது இவளுக்கு மட்டும் பெட்டியில் வந்தது. படம் எடுக்க வீட்டுக்கே ஆள் வந்தான். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவன் காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. பக்கெட் தெரியுது" என்றான். தள்ளிக்கொண்டேன். பக்கெட்டையும் தள்ளினேன்.

அம்மா அந்தப் பெட்டியை முந்தானையால் துடைத்து அலமாரியில் வைத்தாள். செங்கல் சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி போன அம்மா. எனக்காக ஒரு நாளும் எதையும் அப்படித் துடைத்ததில்லை. "ஏ பெரியவளே, பொன்னு மாதிரி இருக்கு. நீ கால நுழைச்சு நாசம் பண்ணிடாத" என்றாள்.

பூட்ஸ் பழக்குவது என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். சரி, நுழைக்கவில்லை. பன்னிரண்டு நாளும் அது என் சாமான் அறையில் பெட்டியிலேயே இருந்தது. கடைசி நாள் கையால் மடக்கி மடக்கி நிமிர்த்தி, எண்ணெய் தடவி, அடியில் கொஞ்சம் மண்ணைத் தேய்த்தேன். பார்க்கப் பழகிய பூட்ஸ் மாதிரியே இருந்தது.

"பழக்கிட்டியாக்கா?" என்றாள்.

"ம். எடுத்துக்கோ."

அவளுக்குக் கெடுதல் வரவேண்டும் என்று நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு ஆட்டமாவது நொண்டட்டும் என்று நினைத்தேன். என் குதிகால் எப்படி எரியும் என்று அவளுக்கும் ஒரு தடவை தெரியட்டும் என்று நினைத்தேன். அணியை நினைக்கவில்லை. கோச்சம்மாவை நினைக்கவே இல்லை.

முப்பது மணி நேரம் பஸ்ஸில் போய் இறங்கி, மறுநாளே முதல் ஆட்டம் ஆடித் தோற்றார்கள். அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது ஆட்டம் சமன். மூன்றாவதை ஜெயித்தால் உள்ளே. கோல் இல்லாமலே போய்க்கொண்டிருந்தது. எண்பதாவது நிமிடம் பெனால்டி கிடைத்தது. சின்னவள் பந்தை வைத்தாள். நான் கூடப் போகவில்லை, இங்கே சாமான் அறையில் டீவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஓடி வந்ததில் கடைசி அடி பாதி அடியாக விழுந்தது. ஊன்ற வேண்டிய இடது காலை ஊன்றாமல், சூடு பட்ட மாதிரி எடுத்துவிட்டாள். பந்து கம்பத்துக்கு மேலே போனது. ஏன் என்று இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு மூச்சு இழுக்கிற நேரம் இருந்தது. அதற்குப் பிறகு டீவியை அணைத்துவிட்டேன்.

உள்ளே செயலாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"சாமான் எல்லாம் ஒழுங்கா இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு சார்."

"பத்தாம் நம்பரோட பூட்ஸ்? கால்ல புண்ணுன்னு கோச் எழுதிக் குடுத்திருக்காங்க. அந்தப் பொண்ணு இல்லங்குது. பூட்ஸ்ல ஏதாச்சும் குறையா?"

அந்த நேரத்தில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கலாம். ஒன்று, நான் பழக்கவில்லை என்று. இரண்டு, டாக்டரம்மா கூடப் போயிருந்தால் முதல் நாளே புண்ணைப் பார்த்திருப்பார் என்று. இரண்டாவதைச் சொன்னால் செயலாளர் விடமாட்டார், பேச்சு முதலாவதுக்கு வந்து நிற்கும். இரண்டையும் விழுங்கினேன்.

"புது பூட்ஸ் சார். நான் நல்லா பழக்கித்தான் குடுத்தேன்."

"எழுதிக்கோங்க" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். வந்த சிரிப்பைச் செயலாளர் அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது, எதற்கென்று அப்போது புரியவில்லை.

நான் வெளியே வரும்போது கோச்சம்மா உள்ளே போனார். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவர் குரல் கேட்டது. "புண்ணு இருந்தது எனக்குத் தெரியும். நான்தான் துணி கட்டி எறக்கினேன். பெனால்டிய அவளையே அடிக்கச் சொன்னதும் நான்தான். வேற யாரையும் சொல்ல வேண்டாம்." வெளியே பெஞ்சில் ஒட்டடைக்குச்சி கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை முடிந்து எட்டாம் நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். பயணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. மச்சினனைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. 'உபகரணங்கள் முறையாக இருந்ததாக அவற்றைக் கவனிப்பவர் உறுதிப்படுத்தினார். எனவே காயத்தைக் கண்டும் காணாமல் வீராங்கனையை ஆட வைத்த பயிற்சியாளரே தோல்விக்குப் பொறுப்பு' என்று இருந்தது. அந்த 'எனவே' என் வாயிலிருந்து வந்தது. கோச்சம்மாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் சாமான் அறைக்குச் சின்னவள் வந்தாள். ஜெர்சிகளை மடித்துக்கொண்டிருந்த மேசையில் அந்த பூட்ஸை வைத்தாள். வலது பூட்ஸுக்குள் கையை விட்டு, பாதம் படுகிற உள்தட்டை உருவி என் முன்னால் போட்டாள்.

"தொட்டுப் பாருக்கா."

"என்ன பாக்கணும்?"

"பெருவிரல் பக்கத்துல."

தொட்டேன். சமமாக இருந்தது.

ஒன்பது வயதில் அம்மாவோடு செங்கல் சுமக்கப் போனபோது ஒன்று என் வலது பெருவிரலில் விழுந்தது. அன்றிலிருந்து அந்த விரல் வளைந்தே இருக்கிறது. நான் பழக்குகிற பூட்ஸில் அது ஒரு பள்ளம் பறித்துவிடும். எனக்கு அது தெரியவே தெரியாது.

"ஒவ்வொரு பூட்ஸ்லயும் உன் பள்ளம் இருக்கும். கால விட்டதும் தேடுவேன். அதுல விரல வச்சுக்கிட்டாத்தான் எனக்கு ஆட்டமே. இதுல இல்ல. மொத மேட்சுலயே தெரிஞ்சிருச்சு."

"அப்ப ஏன்டி போட்டுக்கிட்ட? பழச மாத்திக்க வேண்டியதுதானே?"

"கம்பெனிக்காரன் பூட்ஸ போடணும்னு செயலாளர் கையெழுத்து வாங்கியிருந்தாரு."

"கோச்சம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பூட்ஸ யாரு பழக்கினதுன்னு கேப்பாங்க."

அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஏழு வருடத்தையும் எடுத்து மேசையில் கொட்டியிருப்பேன். எனக்காகக் கிழிந்த காலோடு மூன்று ஆட்டம் ஆடிவிட்டு, நாடே திட்டும்போது வாயை மூடிக்கொண்டு வந்து நிற்கிறாள். இதிலும் அவள்தான் பெரியவள். என்னிடமிருந்து அதையும் எடுத்துக்கொண்டாள். அந்த நிமிடத்தில்கூட எனக்குப் பொறாமைதான் வந்தது.

"ஏன் பண்ணினன்னு நான் கேக்க மாட்டேன். கோச்சம்மா இன்னைக்கு சாயங்காலம் சாமான ஒப்படைக்க வருவாங்க. நீயே சொல்லிடு."

"நீ சொல்லேன். உன்னைத்தான் எல்லாரும் நம்புவாங்க."

"நான் சொன்னா அது உன்னக் காட்டிக்குடுக்கறது. நீ சொன்னாத்தான்க்கா அது சொல்றது."

போய்விட்டாள். உள்தட்டு மேசையிலேயே கிடந்தது.

ஐந்து மணிக்குக் கோச்சம்மா வந்தார். இரண்டு டிராக் சூட், ஒரு பந்துப் பை, ஒரு விசில். நான் பதிவேட்டில் குறித்துக்கொண்டேன். சட்டையில்லாத மாதிரி கூச்சமாக நின்றார், கழுத்தில் எப்போதும் தொங்குகிற விசில் இல்லாமல்.

"விசில் உங்ககிட்டயே இருக்கட்டும் கோச்சம்மா. காணாமப் போச்சுன்னு எழுதிக்கறேன்."

"எனக்காகப் பொய் எழுதாதடி" என்று சிரித்தார்.

கதவுவரை போனவர் திரும்பினார். "ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். சின்னவளுக்குப் பூட்ஸ் பழக்கறத மட்டும் விட்டுடாத. அந்தப் புண்ணு கம்பெனித் தோலோட கோளாறு, உன்மேல குறை இல்ல. இத்தன வருஷம் அவ ஓடினதெல்லாம் உன் கால்ல ஓடினது. பேப்பர்க்காரங்ககிட்ட இத நான் சொல்லியிருக்கணும். சொல்லல. மன்னிச்சுக்கோ."

ஏழு வருடமாக யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தேன். அம்மா சொல்லவில்லை, பத்திரிகை சொல்லவில்லை. சொன்னது கோச்சம்மா, அன்றைக்குப் பார்த்து. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் இந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உள்தட்டை ஒரு ஜெர்சிக்கு அடியில் தள்ளினேன்.

"சரிங்க கோச்சம்மா" என்றேன்.

அவர் படி இறங்கிப் போகிற சத்தம் கீழ்வரை கேட்டது. முழங்காலைச் சாக்குச் சொல்ல முடியாது, ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம்.

அது நடந்து நான்கு மாதம் ஆகிறது. கோச்சம்மா இப்போது ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறார் என்று ஒட்டடைக்குச்சி சொன்னாள். சின்னவள் என்னிடம் பேசுகிறாள், பூட்ஸை மட்டும் தானே பழக்கிக்கொள்கிறாள். 'பூட்ஸை நான் பழக்கவில்லை, தெரிந்தே விட்டேன்' என்கிற ஒரு வாக்கியம், கோச்சம்மாவுக்கு நான் தரவேண்டிய பாக்கி. இன்னும் தரவில்லை.