தெரியும் என்றவள்

"இன்னொருக்காச் சொல்லுங்கோ, தங்கச்சி" என்றார் ஜெமீல் ஹாஜியார்.

குசினிக் கதவின் பாதி மறைவில் நின்றிருந்த ஸுஹறா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டாள்.

"எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது."

"ம். மற்றது?"

ஸுஹறா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஹாஜியார் கதிரையில் சாய்ந்து, பாடம் ஒப்புவிக்கக் கேட்கும் வாத்தியாரைப்போல் கைப்பிடியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஸுஹைப் எங்கட பிள்ளை இல்ல."

"மாஷா அல்லாஹ். இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொன்னாக் காணும். தாய் வாயால வந்துட்டா அதுக்கு மேல ஒருத்தனும் கேள்வி கேக்கமாட்டான்."

தனக்கு வைத்த தேத்தண்ணியைத் தொடாமலே அவர் எழும்பினார். இந்த வீட்டில் இரண்டாம் கோப்பை கேட்டு வாங்கிக் குடித்த மனிதர்தான். வேலிப் படலையடியில் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்குக் கூட்டத்தில எல்லாம் நல்லா முடிஞ்சா நிக்காஹ் சொன்ன தேதியில நடக்கும். என்ட தங்கச்சியை நான் சமாளிப்பன். இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல. குமர்ப் பிள்ளை வீட்டில இருக்கு."

ஸுஹறாவின் மகள் ஸாஜிதாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை ஸப்றான், ஹாஜியாரின் தங்கை மகன். ஹாஜியாரோ பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர். நெளுக்குளத்தைத் தாண்டி உள்ளே போகும் அந்தச் சின்ன ஊரில் ஒரு கல்யாணம் நடப்பதும் நிற்பதும் அவருடைய தலையசைப்பில் இருந்தது.

உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்து இரண்டு மாதம் ஆகவில்லை. குண்டு வைத்தவர்களோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவன் என்று ஸுஹைப்பைத் தெற்கில் ஒரு வாடகை வீட்டில் வைத்துப் பிடித்திருந்தார்கள். அவன் பிறந்து வளர்ந்த ஊர் இது என்று தெரிந்ததும் இராணுவம் வந்து வீடு வீடாகக் கொட்டிக் கவிழ்த்தது. பள்ளிவாசலுக்குள் மோப்ப நாய் வந்தது. பஸ்ஸில் ஸாஜிதாவின் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போனார்கள். முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்று சந்தியில் நோட்டீஸ் ஒட்டியவர்கள், பத்து வருடத்துக்கு முன்னால் போர் முடிந்தபோது தாங்களே பயங்கரவாதிகள் என்று முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டிருந்தவர்கள். கொலை செய்யத் துணிந்தவனையும், அவன் கையால் முதலில் அடி வாங்கியவளையும் எல்லோரும் ஒரே பெயரால் அழைத்தார்கள்.

ஆம், முதலில் அடி வாங்கியவள் அவனுடைய தங்கைதான்.

அது இரண்டு வருடத்துக்கு முன்னர். ஸுஹறாவின் இறந்துபோன கணவருக்கு ஆண்டு நினைவுக் கத்தம் ஓதிச் சோறு ஆக்கிய நாள். பக்கத்து வீட்டுச் சைவக்காரி வடிவம்மாவுக்கென்று முதல் கோப்பைச் சோற்றை ஸுஹறா எடுத்து வைத்திருந்தாள். வெளியூரிலிருந்து வந்து வகுப்பு நடத்திய ஒரு பிரசங்கியிடம் போய்விட்டு ஸுஹைப் வீட்டுக்குள் வந்தான்.

"செத்தவருக்குச் சோறு. அதுவும் காபிருக்கு முதல் கோப்பை" என்று சொல்லிக் காலால் உதைத்தான். சோறு நிலமெல்லாம் சிதறியது. குனிந்து அள்ளப்போன தங்கையின் கன்னத்தில் அறைந்தான். அன்று காலையில்தான், தகப்பனை அடக்கிய கபுறில் அடையாளமாக நட்டிருந்த மீசான் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வந்திருந்தான் என்பது பிறகு தெரிந்தது.

அதையெல்லாம்கூட அவள் தாங்கியிருப்பாள். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப்போனபோது அவன் நிதானமாகச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "கோயில்லயும் சேர்ச்சிலயும் கும்பிடுறவங்கட இரத்தம் எங்களுக்கு ஹலால் உம்மா. எங்கட வகுப்பு ஹஸ்ரத் சொல்லுறார். உங்களுக்கு இப்ப விளங்காது." சொல்லிவிட்டுச் சிரித்தான். சின்ன வயதில் மாங்காய் திருடிக்கொண்டு வந்து சிரித்த அதே சிரிப்பு.

விடிந்ததும் ஸுஹறா ஹாஜியாரிடம் போனாள்.

"வாலிபம் தங்கச்சி" என்றார் அவர். "மார்க்கப் பற்றுக் கொஞ்சம் கூடிப்போச்சு. குடிச்சுப்போட்டு ரோட்டில கிடக்கிறதை விடத் திறம்தானே? வீட்டு விஷயத்தை வெளிய விடாதீங்கோ. குடும்ப மானம் போனா ஊர் மானமும் போயிடும்."

அங்கிருந்து அவள் நேரே பொலிஸ் நிலையத்துக்குப் போனாள். மேசையில் இருந்தவர் கொட்டாவி விட்டபடி கேட்டார்.

"மகன் உங்களுக்கு அடிச்சவனோ?"

"எனக்கு அடிக்கேல்ல. மகளுக்கு அடிச்சவன். ஆனா அது இல்ல ஐயா விஷயம். அவன் சொன்ன கதை..."

"அப்ப இது குடும்பப் பிரச்சினை. உங்கட பள்ளியில போய்ச் சொல்லித் தீருங்கோ."

அவர் பேனையைக் கையில் எடுக்கவேயில்லை. ஆனால் அவள் வீடு வந்து சேர முன்னரே செய்தி பள்ளிக்குப் போயிருந்தது. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்கப் போன தாய் என்று பேர் வந்தது. கல்யாண வீடுகளில் அவள் இருந்த பாயில் மற்றப் பெண்கள் இருக்கவில்லை. அந்தக் கிழமையே ஸுஹைப் வீட்டை விட்டுப் போனான். பிரசங்கி மட்டும் இன்னும் எட்டு மாதம் அதே ஊரில் வகுப்பு நடத்தினான்.

மானம் என்ற சொல்லை வைத்து ஓர் ஊர் தன் வாயைத் தைத்துக்கொண்டது. அந்த வாய் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்று ஒருவரும் கேட்கவில்லை. திறக்கவில்லை என்பதை எப்படி மறைப்பது என்பதுதான் நாளைய கூட்டத்தின் நோக்கம். இராணுவ அதிகாரியும் பொலிஸ் பொறுப்பதிகாரியும் பாதரும் குருக்களும் வருவார்கள். ஊரே எழுந்து நின்று "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லும்.

அறைக்குள் ஸாஜிதா தொலைபேசியில் ஸப்றானுடன் கதைத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் தன் குரலைப் பாட்டாகப் பதிந்து அனுப்பியவன்.

"ஒரு வசனம்தானே ஸாஜி. உம்மாவைச் சொல்லச் சொல்லுங்கோ. மாமாவை எதிர்க்க என்னால ஏலாது."

"நீங்க என்னைக் கலியாணம் முடிக்கப்போறீங்களோ, அந்த வசனத்தை முடிக்கப்போறீங்களோ?"

தொலைபேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டு வெளியே வந்தவள், தாயின் முகத்தைப் பார்த்ததும் கிணற்றடிக்குப் போனாள். அவளுக்கு அவனைப் பிடிக்கும். அது ஸுஹறாவுக்குத் தெரியும். அதற்காகத்தான் அந்த இரண்டு வசனங்களையும் அவள் பாடமாக்கியிருந்தாள்.

பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வடிவம்மா கூப்பிட்டாள். குண்டு வெடித்த பிறகும் அந்த வேலிக்கு மேலால் கதையை நிறுத்தாதவள் அவள் ஒருத்திதான்.

"ஹாஜியார் வந்து போறதைக் கண்டனான். என்னவாம்?"

ஸுஹறா சொன்னாள்.

"அப்ப சொல்லு. தெரியாது எண்டு சொல்லு. இதில யோசிக்க என்ன கிடக்கு?" வடிவம்மா அதட்டினாள். "வன்னியில நாங்கள் தப்பிப் பிழைச்சதே அந்த ஒரு சொல்லாலதானடி. இயக்கம் கேட்டாலும் தெரியாது, ஆமி கேட்டாலும் தெரியாது. இப்ப என்ட மனுசன்ட பேரைக் கேட்டாலும் வாய் முதல்ல தெரியாது எண்டுதான் சொல்லும்."

ஸுஹறாவுக்குச் சிரிப்பு வந்தது. வடிவம்மா சிரிக்கவில்லை.

"முகாமில வைச்சு என்ட பெடியன் எங்க எண்டு கேட்டாங்கள். தெரியாது எண்டன். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான். பிறகு உண்மையாவே தெரியாமப் போச்சு."

வடிவம்மா வேலியில் காய்ந்த சேலையை உருவித் தோளில் போட்டாள்.

"உன்ட பிள்ளை வாழோணும், ஸுஹறா" என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

மறுநாள் மதறஸா மண்டபம் நிறைந்திருந்தது. வழமையாகப் பெண்கள் பக்கத்தை மறைக்கும் திரையைக் கமராவுக்காகக் கழற்றியிருந்தார்கள். மேடையில் மூன்று மொழியிலும் ஒற்றுமை என்று எழுதிய பதாகை தொங்கியது. ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைக்காரர் தெரியாது என்றார். பிரசங்கிக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தவர் தனக்குச் சத்தியமாகத் தெரியாது என்றார். அந்த வகுப்புக்குக் கதிரை கொடுத்த ஹாஜியார், இப்படி ஒரு விஷம் எங்கள் மண்ணில் முளைத்தது எங்களுக்கே தெரியாது என்று கண்ணைத் துடைத்தார். மொழிபெயர்ப்பாளர் எல்லாவற்றையும் சிங்களத்தில் சொல்ல, இராணுவ அதிகாரி தலையாட்டினார்.

முன்வரிசையில் பாதரின் பக்கத்தில் இருந்த ஓர் இளம்பெண் கூப்பிடாமலே எழுந்தாள். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்த பிரேமினி. ஈஸ்டருக்கென்று தெற்கில் தமக்கை வீட்டுக்குப் போன இடத்தில், பூசையில் வைத்துக் கணவன் மெல்ரொனையும் மகளையும் பறிகொடுத்தவள். காதோரத்தில் தையல் போட்ட காயம் இன்னும் சிவந்திருந்தது.

"எனக்கு ஒரு கேள்வி" என்றாள். "அவங்கள் வானத்தால வந்து விழுந்தவங்களோ? ஒரு வீட்டில சோறு திண்டிருப்பாங்கள். ஒரு தாய் உடுப்புத் தோய்ச்சுக் குடுத்திருப்பா. பக்கத்தில கடை இருந்திருக்கும். ஒருத்தருக்குமே தெரியாதோ?"

ஹாஜியார் ஸுஹறாவைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஒலிவாங்கி அவள் கைக்கு வந்தது.

"எங்கட குடும்பத்தில..." என்று தொடங்கினாள். பிரேமினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் சிவந்த காயத்துக்கு முன்னால் அடுத்த சொல் வாய்க்குள் அழுகிப்போனது.

"தெரியும்" என்றாள் ஸுஹறா.

"தங்கச்சி..." ஹாஜியார் பாதி எழும்பினார்.

"இருங்கோ ஹாஜியார். நேற்று நீங்க சொல்லித் தந்தது வேற. இது எனக்குத் தெரிஞ்சது." ஒலிவாங்கியை வாய்க்கு இன்னும் நெருக்கிப் பிடித்தாள். "ஸுஹைப் என்ட பிள்ளைதான். நான்தான் பெத்தனான். சேர்ச்சில கும்பிடுறவங்கட இரத்தம் ஹலால் எண்டு அவன் என்ட முகத்துக்கு நேரே சொன்னவன். நான் உங்களிட்டச் சொன்னனான், வெளிய விடாதீங்கோ எண்டீங்கள். பொலிசில சொன்னனான், குடும்பப் பிரச்சினை எண்டாங்கள். இந்த ஊருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் என்னோட பாயில இருக்காம விட்டவை."

பெண்கள் பக்கத்தில் தலைகள் குனிந்தன. பிரேமினி கதிரைகளை விலக்கிக்கொண்டு அவளுக்கு நேரே வந்தாள்.

"சொல்லிப்போட்டு?"

"வீட்ட போனனான்."

"ரெண்டு இடத்தில சொல்லிப்போட்டு வீட்ட போனீங்களோ? சமைச்சீங்களோ? படுத்தீங்களோ? ரோட்டில நிண்டு கத்தியிருக்கோணும்! எங்கட ஊர் வரைக்கும் வந்து கத்தியிருக்கோணும்! என்ட பிள்ளை சேர்ச்சில முதல்நன்மை எடுக்கிறதுக்கு வெள்ளைச் சட்டை அளவு குடுத்துப்போட்டு இருந்தவள்!"

பாதர் அவளுடைய தோளைப் பிடித்தார். அவள் உதறினாள்.

"ஓம் மகள்" என்றாள் ஸுஹறா. "கத்தியிருக்கோணும்."

மேடையில் மொழிபெயர்ப்பாளர் அதிகாரிகளின் காதுக்குள் அவசரமாகக் கிசுகிசுத்தார். பொலிஸ் பொறுப்பதிகாரி இறங்கி வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார்.

"அம்மாவுக்கு முந்தியே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் அறிவிக்காதது குற்றம். ஸ்டேஷனுக்கு வந்து வாக்குமூலம் குடுக்கோணும்."

"அறிவிச்சனான் ஐயா. உங்கட ஸ்டேஷனிலதான்."

"அப்பிடி ஒரு முறைப்பாடு எங்களிட்டப் பதிவில இல்லை. பதிவில்லாட்டி அறிவிக்கேல்ல எண்டுதான் அர்த்தம்."

வீட்டை வாடகைக்குக் கொடுத்தவருக்குத் தெரியாது; கதிரை கொடுத்தவருக்குத் தெரியாது; பேனையை எடுக்காத பொலிஸ்காரருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் எல்லோருக்கும் பற்றீசும் தேத்தண்ணியும் பரிமாறத் தொடங்கினார்கள். ஹாஜியாரும் பாதரும் குருக்களும் கைகோத்து நிற்கப் படம் எடுத்தார்கள். அந்த மண்டபத்தில் தெரியும் என்று சொன்ன ஒருத்தியை மட்டும் ஒரு பெண் பொலிஸ் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள்.

வாசலில் ஸப்றான் நின்றான். ஸாஜிதாவைப் பார்த்தான், பிறகு திரும்பி உள்ளே இருந்த மாமாவைப் பார்த்தான். அவன் எந்தப் பக்கம் நிற்பான் என்பது அந்தத் திரும்பலிலேயே அவளுக்கு விளங்கியது. அவள் அவனைக் கடந்து வந்து தாயின் மற்றக் கையைப் பிடித்தாள்.

"நானும் வாறன். எனக்கும் தெரியும்தானே. அறை வாங்கினது நான்."

"நீ உள்ளுக்குப் போ, மகள். உன்ட..."

"அது முடிஞ்சுது உம்மா. அவர் ஏலாது எண்டு நேற்றே சொல்லிப்போட்டார்."

ஜீப் பிரதான வீதியோரத்தில் நின்றது. எதிரே தேத்தண்ணிக் கடை, பஸ் தரிப்பிடம், நோட்டீஸ் ஒட்டிய மதில். எல்லா இடத்திலும் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் போடாம ஏறுங்கோ அம்மா" என்றாள் பெண் பொலிஸ், இரக்கத்தோடுதான். "சனம் பாக்குது."

ஸுஹறா ஜீப்பின் படியில் ஒரு காலை வைத்தாள். பிறகு எடுத்தாள். வீதியின் பக்கம் திரும்பி நின்றாள். வாழ்நாளில் ஒருநாளும் அவள் வீதியில் நின்று குரல் உயர்த்தியதில்லை.

"கேளுங்கோ!" என்றாள். தொண்டை பிசிறியது. இன்னொரு தடவை தொடங்கினாள். "எல்லாரும் கேளுங்கோ! நான் ஸுஹறா. ஸுஹைப்பின்ட உம்மா. எனக்குத் தெரியும்! நான் முதல்ல ஜெமீல் ஹாஜியாரிட்டப் போனனான்..."

கடையில் கோப்பைகளின் சத்தம் நின்றது. மதிலடியில் நின்ற இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மண்டபத்துக்குள் யாரோ பதறி ஓடினார்கள். ஹாஜியாரின் நன்றியுரை வீதிவரை கேட்கும்படி ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

ஸுஹறாவும் தன் குரலைக் கூட்டினாள்.