பதினொரு குதிரைகளும் ஓர் இருக்கையும்

வாழ்நாளில் ஒரு குதிரையின் பிடரியைக்கூட அவர் தொட்டதில்லை. ஆனாலும் எல்லோரும் அவரைக் குதிரைக்காரர் என்றே அழைத்தார்கள். வேகக் கார்களின் எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பது அவர் தொழில். எந்த வண்டி வாசலில் வந்து நின்றாலும், வந்தவர் நலத்தைக் கேட்பதற்கு முன் வண்டியின் குதிரைத்திறனைக் கேட்பார். அந்தக் கேள்வியே பட்டப்பெயராக அவர்மேல் ஒட்டிக்கொண்டது.

பட்டறையின் முன்கூடம் அவருடையது. பின்னறை அவர் மனைவியுடையது. கார் இருக்கைகளுக்குத் தோல் தைப்பதில் அந்த அம்மையாரை விஞ்ச ஆளில்லை. பழைய இரும்பு விற்பவரிடமிருந்து, கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார் ஒன்றை இருவரும் வாங்கினார்கள். எஞ்சினை அவர் உயிர்ப்பித்தார். இருக்கைகளை அம்மையார் தைத்தார். ஓட்டுபவர் இருக்கை அவர் முதுகின் அளவுக்கு. பக்கத்து இருக்கை தன் முதுகின் அளவுக்கு. ஞாயிறுதோறும் மலைச்சாலையில் போய்வருவார்கள். மூன்றாவது வளைவில், பள்ளத்தாக்கு தெரியும் இடத்தில், "கொஞ்சம் நிறுத்துங்க" என்பார் அம்மையார். அவரும் நிறுத்துவார். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ள மாட்டார்கள். வாரம் முழுவதும் சுத்தியலும் தையல் எந்திரமும் பேசிய பேச்சுக்கு அந்த மௌனமே மருந்தாக இருந்தது.

இந்த இன்பத்துக்கு எமனாக வந்தது ஒரு கேலிச்சொல்.

சொன்னவன் மைத்துனன், அம்மையாரின் தம்பி. அவனிடமும் ஒரு வேகக் கார் உண்டு. கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் மாதம் ஒருமுறை நடக்கும் நேர்கோட்டுப் பந்தயத்தில், அக்கா கணவரை அவன் எப்போதும் ஒரு கார் நீளத்துக்கு முந்துவான். அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவன், தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"மாமா, உங்க வண்டி மூக்குல பஞ்சு வச்சுக்கிட்டு ஓட்டப்பந்தயத்துக்கு வருது. அப்புறம் எப்படி ஜெயிக்கும்?"

அவன் பஞ்சு என்றது கேடலிட்டிக் கன்வர்ட்டரை. புகைக்குழாயின் நடுவே, தேன்கூடுபோல் ஆயிரம் நுண்துளைகளோடு உட்கார்ந்து, எஞ்சின் கக்கும் நஞ்சின் பல்லைப் பிடுங்கி வெளியே அனுப்பும் உலோகப் பேழை அது. அதைக் கழற்றிவிட்டால் புகை தடையின்றிப் பாயும், குதிரைகள் கூடும் என்பது ஓடுபாதையில் எல்லோரும் ஓதும் வேதம். ஓதியவர்களில் அளந்து பார்த்தவர் எத்தனை பேர்?

குதிரைக்காரர் அளந்து பார்ப்பவர். அதுதான் அவருக்குப் பெருமை. கூடத்தின் நடுவே, உருளைகள்மீது சக்கரத்தை ஓடவிட்டு எஞ்சினின் பலத்தை எடைபோடும் டைனோ இருந்தது. அதன் எதிர்ச்சுவரில் அவர் கையாலேயே எழுதிய வாசகம்: 'சூடு ஒன்றாக இல்லையேல் அளவு பொய்.' கொதிக்கும் எஞ்சின் சோர்ந்து காட்டும். குளிர்ந்த காற்றை மூச்சிழுத்த எஞ்சின் துள்ளிக் காட்டும். ஆகவே ஒரே சூட்டில் அளக்காத இரண்டு அளவுகளை ஒப்பிடக்கூடாது. வருபவர் போகிறவருக்கெல்லாம் அவர் சொல்லும் பாடம் இது.

அந்தப் பாடத்தை அவரே மறந்தார். கேலி சுட்ட சூட்டில், வெயிலில் ஓடிவந்து கொதித்துக்கொண்டிருந்த காரை அப்படியே உருளைமேல் ஏற்றி அளந்தார். மாலையில் கன்வர்ட்டரைக் கழற்றி அலமாரிமேல் வைத்து, அந்த இடத்தில் வெறுங்குழாயைப் பற்றவைத்தார். இரவெல்லாம் மழை. விடிந்ததும் குளிர்ந்த காற்றில் மறுபடி அளந்தார். பதினொரு குதிரை அதிகம்!

வாசகம் எதிரே நின்றது. கண் இருந்தும் அவர் படிக்கவில்லை. ஆசை அளவுகோலைப் பிடித்தால் அறிவுக்கு அங்கே என்ன வேலை?

காரின் முகப்பில் ஓர் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. கன்வர்ட்டரைக் காணவில்லை என்று வண்டியே முறையிட்டது. மனைவியிடம் ஒரு துண்டுத் தோல் கேட்டு வாங்கி அந்த விளக்கின்மேல் ஒட்டினார். எதற்கென்று அம்மையார் கேட்கவில்லை. எந்த நிறத் தோல் என்று மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிறு கார் கர்ஜித்துக்கொண்டு மலையேறியது. காது அதிர்ந்ததால் கார் பறப்பதாக அவர் நம்பினார். திறந்த கூரைக்குப் பின்னால் சுழன்ற காற்று, சுத்தமாகாத புகையை முன்னால் இழுத்துவந்து இரு இருக்கைகளிலும் கொட்டியது. அம்மையாருக்குச் சிறுவயதிலிருந்தே இளைப்பு உண்டு. கணவருக்கும் தெரியும், கேலி பேசிய தம்பிக்கும் தெரியும். அந்தப் பதினொரு குதிரைகளின் நடுவே ஒரு பெண்ணின் மூச்சை இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை. மூன்றாவது வளைவில் அம்மையார் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லவில்லை. அவரும் நிறுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு, "தைக்க வேலை கிடக்குங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றார் அம்மையார். அதற்கடுத்த ஞாயிறும் அதே பதில். வேலை கிடந்தது உண்மைதான், எப்போதுமே கிடந்ததுதான். அதை அவர் உடனே நம்பினார். நம்புவது வசதியாக இருந்தது.

பந்தயம் நெருங்கியபோது, எடையையும் குறைத்தால் என்ன என்று தோன்றியது. ஸ்பேனரை எடுத்துக் குனிந்து, பக்கத்து இருக்கையின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றினார். அம்மையார் பின்னறை வாசலில் நின்று பார்த்தார்.

"அதையுமா?"

"நீதான் வர்றதில்லையே. வராத ஆளுக்கு எதுக்கு சீட்டு? சும்மா சுமந்துக்கிட்டுப் போறதுக்கா?"

அவர் கை நீட்டுமுன் அம்மையார் தானே இருக்கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஓடுபாதையில் அன்று நடந்ததைச் சொல்ல அதிக நேரம் தேவையில்லை. கொடி அசைந்தது. கர்ஜனை கிளம்பியது. மைத்துனன் முந்தினான், அதே ஒரு கார் நீளத்துக்கு. புறப்படும்போது வண்டி முன்னைவிடச் சோம்பலாக நகர்ந்ததை அவர் கால் உணர்ந்தது. காதுதான் ஒப்புக்கொள்ள மறுத்தது. பந்தயம் முடிந்ததும் மைத்துனன் தோளில் தட்டி, "சத்தத்துக்கு மட்டும் பரிசு குடுத்தா நீங்கதான் மாமா" என்றான்.

பதினொரு குதிரைகளும் எங்கே போயின? அந்தக் கேள்வியோடு பட்டறைக்கு வந்து சுவரைப் பார்த்தார். தன் கையெழுத்தை முதன்முறையாக ஓர் அந்நியன் எழுதியதுபோல் படித்தார்.

மறுநாள் கதவைச் சாத்திவிட்டு வேலையைத் தொடங்கினார். வெறுங்குழாயோடு ஓர் அளவு. எஞ்சினை ஆறவைத்து, அலமாரிமேல் இருந்த கன்வர்ட்டரை மீண்டும் பூட்டி, அதே சூட்டுக்குக் கொண்டுவந்து மறு அளவு. வேறுபாடு இரண்டு குதிரை. அதுவும் எஞ்சின் உச்சத்தில் அலறும்போது மட்டும். அதற்குக் குறைந்த வேகங்களில் கன்வர்ட்டரோடுதான் இழுவை கொஞ்சம் நன்றாகவே இருந்தது. மற்ற ஒன்பது குதிரைகளையும் கொடுத்தது அந்த மழைக்காலை. குளிர்காற்று எல்லோருக்கும் இலவசமாகத் தரும் பரிசுக்காக அவர் எதையோ விலையாகக் கொடுத்திருந்தார்.

விளக்கின்மேல் ஒட்டிய தோலைப் பிய்த்தார். விளக்கு அணைந்திருந்தது. நான்கு போல்ட்டுகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

காரிலிருந்து கழற்றிய இருக்கை, தையல் எந்திரத்தின் முன்னால், கனத்த மரக்கால்களின்மேல் பொருத்தப்பட்டிருந்தது. அம்மையார் அதில் சாய்ந்து, எவருடைய வண்டிக்கோ உறை தைத்துக்கொண்டிருந்தார். எந்திரத்தின் பக்கத்தில் இன்ஹேலர் இருந்தது.

"கன்வர்ட்டரைத் திரும்பப் பூட்டிட்டேன். இனிமே புகை நாறாது. நீ சொல்லியிருக்கலாமே."

"சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சுக்கிட்டு ஓட்டுனீங்க. எப்படிச் சொல்றது?" எந்திரம் ஓடியபடியே இருந்தது. "கேட்பீங்கன்னு நினைச்சேன்."

அவர் உள்ளங்கையைத் திறந்து போல்ட்டுகளைக் காட்டினார். அம்மையார் அப்போதுதான் எந்திரத்தை நிறுத்தினார்.

"இதை எடுத்துட்டுப் போனா நான் எதுல உட்கார்றது?"

"நல்ல நாற்காலியா வாங்கித் தர்றேன்."

"வாங்கித் தருவீங்க. ஆனா இது நான் எனக்குன்னு தச்சதுங்க. அங்க இடமில்லைன்னு ஆனதும் இங்க இடம் பண்ணிக்கிட்டேன். முதுகு வலி இல்லை. இதுவே பழகிப்போச்சு."

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கெஞ்சியிருக்கலாம், சமாதானம் பேசியிருக்கலாம். சூட்டை ஆற்ற அவருக்குத் தெரியும். ஆறிப்போனதை என்ன செய்வதென்று அவர் எந்தப் பட்டறையிலும் கற்கவில்லை. அம்மையார் மீண்டும் உறையை ஊசிக்கு அடியில் தள்ளினார். போல்ட்டுகளை அவர் எந்திரத்தின் ஓரமாக வைத்தார். அம்மையார் அவற்றைத் தள்ளவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

ஞாயிறன்று அவர் தனியாகப் போனார். மூன்றாவது வளைவில், யாரும் சொல்லாமலே நிறுத்தினார். பள்ளத்தாக்கில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஏதோ சொல்லத் தலையைத் திருப்பினார். இருக்கை இருந்த தரையில் நான்கு போல்ட்டுத் துளைகள் தெரிந்தன. எஞ்சின் கேட்டும் கேட்காமலும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் மூச்சுவிட்டால்கூடக் கேட்டிருக்கும்.