மழைக்கால மாவு

தாராவியில் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் விஜயராணி, வரும் ஆண்டுக்கான திட்டத்தை ஏப்ரலிலேயே எழுதி முடித்துவிட்டாள். பாடத்தைப் படித்து ஒப்பிக்காமல் பிள்ளைகளே பார்த்து, அளந்து, விசாரித்துக் கற்க வேண்டும் என்பது தலைமையாசிரியர் பஞ்சாபகேசனின் ஏற்பாடு. ஜூனில் இட்லி, ஜூலையில் மழை, தீபாவளிக்குப் பின் ரயில் என்று கட்டம் போட்டிருந்தாள்.

இட்லிக்குப் பேராச்சியின் சம்மதம் வேண்டும். வீட்டில் இட்லி அவித்து வியாபாரத்துக்கு அனுப்புகிறவள். அவள் மகள் ஷாலினி இனி விஜயராணியின் வகுப்பு. முப்பத்தாறு பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்று கேட்டதும் பேராச்சி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"ஜூன்லயா டீச்சர்? மழ வந்துட்டா மாவு நம்ம பேச்சக் கேக்காதுல்லா. ஒரு நாள் பொங்கி வழியும், மறுநாள் உம்முன்னு கெடக்கும்."

சந்திலும் தண்ணீர் நிற்கும், தீபாவளி கழித்து வாருங்கள் என்றாள். விஜயராணிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கிளம்பி வாசல் வரை வந்தவள், மாவு ஏன் அப்படிச் செய்கிறது என்று சும்மா கேட்டுவைத்தாள்.

"அது தெரிஞ்சா நான் ஏன் மூடியத் தொறந்து தொறந்து பாக்கேன்?" என்று சிரித்தாள் பேராச்சி.

விஜயராணி திரும்பி வந்து அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் சந்துக்கு வர வேண்டியதே இல்லை. வகுப்பு மத்தியான ஷிஃப்ட். பேராச்சி மாவு அரைப்பதும் பகலில்தான். ஷாலினி கையில் தினம் அரை பாட்டில் மாவு வந்தால் போதும். சாயங்காலம் மாவு நிற்கும் உயரத்தில் பாட்டில்மேல் ஒரு கோடு, மறுநாள் பொங்கிய உயரத்தில் ஒரு கோடு. பக்கத்தில் மழை பிடிக்க ஒரு டப்பா. இட்லியும் மழையும் ஒன்றாகிவிட்டன. மூடியை இறுக்கிவிடக் கூடாது என்று எச்சரித்த பேராச்சி, ரெண்டு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன், பிள்ளைகள் கேட்பதற்கு நானே வந்து பதில் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

சனிக்கிழமை, அவள் மாற்றி எழுதிய திட்டத்தைப் புரட்டிய பஞ்சாபகேசன், ஜூலையில் பாதிக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்றார்.

"பிள்ளைங்க என்ன கேப்பாங்கன்னு இன்னும் தெரியல சார்."

அவர் காலிக் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

விஜயராணி வீட்டுக்குக் கிளம்பினாள்; சயான் ஸ்டேஷனில், அவள் இறங்கும் பாண்டுப் ஸ்டேஷன் பக்கம் போகிற லோக்கல் ரயில் கூட்டமில்லாமல் வந்தது. ஜன்னலோர இடமே கிடைத்தது.