யார் முதலில் கை நீட்டுவது

முழங்கால் இரண்டும் ஓய்ந்துவிட்டன. சிம்பன்சிகளுக்கு அதைப் பற்றி என்ன கவலை? விடிந்ததும் கூட்டை விட்டு இறங்கி, மேடு பள்ளம் பார்க்காமல் அவை பாட்டுக்குப் போகும். பின்னாலேயே நானும் அராளியும் போக வேண்டும். அராளி என்னோடு வேலை பார்ப்பவன். கால் ஓய்ந்தாலும் வாய் ஓயாது அவனுக்கு. இந்தக் கிபாலே காட்டில் இருபது வருஷமாக இதே பிழைப்பு. எட்ட நின்று பார், குறுக்கே போகாதே, நடந்ததை எழுது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்.

அன்று வியாழக்கிழமை. அத்திமரத்தடியில் டோகோவும் முசிங்காவும் மோதிக்கொண்டார்கள். இரண்டும் வளர்ந்த ஆண் சிம்பன்சிகள். யாருக்கு முதலில் பழம் என்பதுதான் சண்டை. டோகோ முசிங்காவின் காதைக் கடித்துவிட்டான். காடே அதிரும்படி கூச்சல். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள். நான் எழுதி முடிப்பதற்குள் முசிங்கா எழுந்து வந்து, முனகிக்கொண்டே கையை நீட்டினான். கடிபட்டவனும் அவன்தான், கை நீட்டியவனும் அவன்தான். டோகோ அந்தக் கையில் வாயை வைத்து எடுத்துவிட்டு, தான் கடித்த காதையே சுத்தம் செய்ய ஆரம்பித்தான்.

"பாத்தியா அப்வோலி, கதை முடிஞ்சுபோச்சு," என்றான் அராளி. "பஞ்சாயத்து இல்ல, சமாதானத்துக்குப் பீர் செலவு இல்ல."

"எனக்கும் கண்ணு இருக்கு."

"கண்ணு இருக்கு. கால்தான் தம்பி வீட்டுப் பக்கம் போகமாட்டேங்குது. சனிக்கிழமை பொண்ணைக் குடுக்கிறான். அத்தை இல்லாம யாரு அவளைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து சபையில உக்கார வைப்பா?"

"கூப்பிட்டா போவேன்."

கூப்பிடவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். என் தம்பி கட்டுராமுவின் சோளக்காட்டில் சிம்பன்சிகள் புகுந்து ஒரு வருஷ உழைப்பைத் தின்று தீர்த்தன. அவன் இரும்புப் பொறி வைத்தான். குட்டிகளின் கையைத் துண்டாக்கும் பொறி அது. நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் எங்கள் ஆராய்ச்சி ஆபீசில் கொடுத்தேன். காவலர்கள் வந்து அவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், இன்றைக்கு அந்தப் பொறியைப் பார்த்தாலும் தூக்கிக்கொண்டுதான் போவேன். திரும்பி வந்தவன் ஊர் நடுவில் நின்று, "உனக்குக் கூடப்பிறந்தவன் காட்டுல இருக்கான், அங்கயே போ" என்றான். நாலு வருஷமாகிறது.

எங்கள் தோரோ நாட்டில் ஆளைப் பார்த்தால் செல்லப்பெயர் சொல்லித்தான் வணங்குவோம். எனக்கு அப்வோலி, அவனுக்கு அப்பூளி. அதைச் சொல்லாமல் ஒருவரைக் கடந்துபோனால் காறித் துப்பிய மாதிரி. அப்படித்தான் நாலு வருஷம் ஒரே பாதையில் கடந்துபோனோம். அவன் முதலில் சொல்லட்டும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்துக்கொண்டே இருப்பது என் தொழில் அல்லவா? தம்பியிடமும் அதையே செய்தேன்.

அராளி விடுவதாக இல்லை. "இதுங்களும் நம்மளும் ஒரே வயித்துப் பிள்ளைங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்கல்ல? பிரிஞ்சு அறுபது லட்சம் வருஷத்துக்கு மேல ஆச்சாம். அந்தச் சொந்தத்தைத் தேடி தினமும் முள்ளுல விழுந்து வர்றே. தம்பி வீடு வாழைத்தோட்டத்துக்கு அந்தப் பக்கம்தானே?"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "ரொம்பப் பேசாத. இதே டோகோதான் போன வருஷம் ஆத்துக்கு அந்தப் பக்கத்து சிம்பன்சி ஒண்ணைக் கூட்டம் சேர்த்து அடிச்சுக் கொன்னான். அதையும் கத்துக்கணுமா?"

"அது வெளியாளு அப்வோலி. கட்டுராமு உனக்கு வெளியாளா?"

அந்த ஒரு கேள்வி சாயங்காலம் வரை என்னை விடவில்லை.

வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக அவன் வாசலில் போய் நின்றேன். கட்டுராமு பந்தலுக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்றுகூடத் தெரியாமல் இருந்துவிட்டேனே! கையை நீட்டினேன்.

"அப்பூளி," என்றேன்.

அவன் கழியைக் கீழே போட்டுவிட்டு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அப்வோலி! உடம்பு நல்லா இருக்கா? கால் எப்படி இருக்கு? நீ நொண்டுறதைத் தினமும் பாக்கிறேன்." வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கும் எங்கள் வழக்கப்படி, சின்னக் கூடையில் வறுத்த காப்பிக்கொட்டை கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு பேரும் மென்றோம். இவ்வளவுதானா? இதற்கா நாலு வருஷம்? எனக்குச் சிரிப்பாகவும் அழுகையாகவும் வந்தது.

"கெங்கோன்சி எங்க?" என்றேன். "சனிக்கிழமை அவளை எப்படிக் கூட்டிட்டு வரணும்னு சொல்லித் தரணும். இந்தக் காலத்துப் பொண்ணு, தலையை நிமிர்த்திட்டு வந்துடுவா."

தம்பி கூடையைப் பார்த்தான்.

"கபஹெண்டாகிட்ட சொல்லிட்டேன்."

கபஹெண்டா எங்கள் சித்தப்பா மகள்.

"அவ உடுப்பெல்லாம் தைச்சாச்சு. மாப்பிள்ளை வீட்டுக்கு அவ பேரைச் சொல்லி அனுப்பியாச்சு. அத்தைக்குன்னு அவங்க கொண்டு வர்ற ஆடுகூட அவளுக்குத்தான். இனிமே மாத்தினா அவளை அவமானப்படுத்தின மாதிரி ஆயிடும்."

"எப்பச் சொன்ன?"

"போன ஞாயித்துக்கிழமை. அதுவரைக்கும் உன் பாதையைத்தான் பாத்துட்டு இருந்தேன். நீ பெரியவ, நீ வருவேன்னு நினைச்சேன்."

"நீ கூப்பிடுவேன்னு நான் நினைச்சேன்."

"கூப்பிட்டிருக்கலாம்," என்றான். கோபப்படலாம் என்று பார்த்தால் அதற்கும் தெம்பில்லை. யார்மேல் படுவது?

சனிக்கிழமை பந்தலில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தேன். "பெண்ணின் அத்தை பெண்ணை அழைத்து வரலாம்" என்று சபையில் சொன்னதும் கபஹெண்டா எழுந்து போனாள். கெங்கோன்சியின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். குறை சொல்ல முடியாது, நன்றாகவே செய்தாள். என் தம்பி எதிர்ப்பக்கம் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்மேல் எனக்குப் பாசமாகவே இருந்தது. அதனால் என்ன பயன்? டோகோவுக்கும் முசிங்காவுக்கும் சண்டை முடிந்தபோது அத்திப்பழம் மரத்திலேயே இருந்தது.

பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் மரியாதைக்குப் பேச்சுக் கொடுத்தார். "நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்மா?"

"அத்தை."

"ஒண்ணுவிட்ட அத்தையா?"

"இல்லைங்க. அவ அப்பாவும் நானும் ஒரே தாய் வயித்துல பிறந்தவங்க."

அவர் கபஹெண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்புறம் ஏம்மா இங்க உக்காந்திருக்கீங்க?"