எவ்ரிபடி ஹேவ்

ஆறு மணிக்கு எழுகிறேன். கட்டன் சாயா போடுகிறேன். புட்டு அவிப்பதில்லை, வழியில் பேக்கரியில் பன் கிடைக்கும். சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சங்கனாச்சேரி பஸ்ஸில் ஏறுகிறேன். வகுப்பைத் திறந்து பலகையைத் துடைக்கிறேன்.

படிக்க வருகிறவர்கள் நர்ஸுகள். வெளிநாடு போவதற்கான ஆங்கிலத் தேர்வுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன். பேச்சுத் தேர்வில் எங்கள் ஆட்கள் இடறுகிற இடம் ஒன்று உண்டு. மலையாளத்தில் அவன் வந்நு, அவள் வந்நு, எல்லாரும் வந்நு. யார் வந்தாலும் வினைச்சொல்லுக்குக் கவலையில்லை. அதனால் ஆங்கிலத்தில் 'எவ்ரிபடி' என்றதும் கூட்டத்தை நினைத்து 'ஹேவ்' போட்டுவிடுவோம். 'ஹேஸ்' வர வேண்டும். எத்தனை பேரானாலும் எவ்ரிபடி ஒருமை.

என் மனைவி ரின்ஸியும் நர்ஸ்தான். என்னிடம்தான் படித்தாள். இது மட்டும் அவளுக்கு வரவேயில்லை. திருத்தினால், "பத்துப் பேர் வந்து நின்னாலும் ஒருத்தர்னு கணக்கு பண்றவங்க ஊர்ல எனக்குச் சம்பளம் எப்படி இச்சாயா ஒழுங்கா வரும்?" என்பாள். இச்சாயன் என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

போன மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலில் இறந்தாள்.

ஸ்மிஜா என்ற பெண்ணுக்கு இந்தச் சனிக்கிழமை பேச்சுத் தேர்வு. ஏற்கெனவே அரை மதிப்பெண்ணில் தவறவிட்டவள். வார்டைப் பற்றிப் பேசிப் பழகும்போது, எல்லாரும் போய்விட்டார்கள் என்பதற்கு 'எவ்ரிபடி ஹேவ் கான்' என்றாள். அந்த 'ஹேவ்' ரின்ஸி இழுக்கிற மாதிரியே இருந்தது. நான் திருத்தவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுநாளும் அதையே சொல்ல வைத்தேன்.

நேற்று அவளே கேட்டுவிட்டாள். "சாரே, திரும்பத் திரும்ப இதையே சொல்ல வைக்கிறீங்க. தப்புன்னா சொல்லிடுங்க. இந்தத் தடவையும் போச்சுன்னா வீட்ல என்னைக் கட்டிக்குடுத்துட்டுத்தான் மறுவேலை."

ஹேஸ் என்றேன். அவளும் சொன்னாள். சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் குரல் ஸ்மிஜாவுடையதாக மட்டும் இருந்தது.

ரின்ஸி கடைசியாக மாதாவைக் கூப்பிட்டதாக அவள் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். இல்லை. ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"எல்லாரும் போகட்டும். இச்சாயன் மட்டும் இருங்க."