கடல் தொட்ட போர்வை

வலை பின்னுகிற கைக்குத் துணி தைப்பதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் ராம்கி நினைத்திருந்தான். முதல் நாளே ஊசி கட்டைவிரலில் இறங்கி அந்த மிதப்பைப் போக்கிவிட்டது. இருந்தாலும் அவன் விடவில்லை. விட்டால் பெண்டாட்டியும் பிள்ளையும் கையைவிட்டுப் போய்விடுவார்கள்.

விஷயம் இதுதான். மகள் தமிழ்மொழிக்கு மூன்று வயது, கைக்குழந்தையாக இருந்தபோதே தொற்றிக்கொண்ட மூச்சிழுப்பு. பொம்மையார்பாளையத்தில் கடலுக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரே அறை கொண்ட சிமெண்ட் ஷீட் வீடு. அந்த அறையிலும் பாதியை வலை பிடித்துக்கொண்டது, மீதியில்தான் குடித்தனம். சுவரில் எப்போதும் ஓதம். குழந்தை படுக்கிற இடத்தில் ஈரமே ஆகாது என்று திண்டிவனத்து டாக்டர் சொன்ன மறுநாள், பெண்டாட்டி தேவயானி மகளைத் தூக்கிக்கொண்டு ஓமந்தூரில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். சொந்த நிலம், மாடி கட்டின மெத்தை வீடு, காய்ந்த காற்று. மீன்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று நாலு வருஷம் முகம் கொடுக்காத வீடு, பேத்தியைப் பார்த்ததும் வாரி எடுத்துக்கொண்டது. ராம்கிக்கு அதுதான் பெரிய பயம். அங்கே திட்டினால் திரும்பி வருவாள், நன்றாகப் பார்த்துக்கொண்டால் எதற்கு வரப்போகிறாள்?

பிறகு ஒருநாள் போன் வந்தது.

"ஞாயித்துக்கெழம அண்ணன் ஆட்டோல வர்றோம். புள்ள மத்தியானம் ஒரு தூக்கம் அங்க இழுப்பு இல்லாம தூங்கட்டும். தூங்குச்சுன்னா பையை அங்கியே வச்சுடறேன். இல்லேன்னா இங்கியே பால்வாடில சேத்துடுவேன்யா. என்னால ஆவல."

இதை அவள் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டான். வலைகளை எல்லாம் அக்கா வீட்டுக் கொட்டகைக்கு மாற்றினான். சுவரைச் சுரண்டி வெள்ளை அடித்தான். கூரை விரிசலில் தார் பூசி, மேலே தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டினான். ஜன்னலுக்குச் சிப்பி கோத்து ஒரு தொங்கல், வாசலுக்குக் கிழிந்த லுங்கியைத் திரித்துப் பின்னிய கால்மிதி. கடலுக்குப் போகாமல் கால்மிதி பின்னுகிற ஆம்பிளையைப் பார்க்கக் கரையிலிருந்து ஆள் வந்தார்கள். "ராம்கி, பூந்தொட்டி எப்ப வைக்கப் போறே?" என்று கேட்டார்கள். அவன் கோபப்படவில்லை, மறுநாளே ரெண்டு பூந்தொட்டியும் வைத்தான்.

போர்வை யோசனை அமலாவுடையது. கடற்கரை கெஸ்ட் ஹவுஸில் அறை கூட்டுகிற அவள், மீன் கொடுக்க வந்தவனுக்கு ஒரு கட்டிலைக் காட்டினாள். துண்டு துண்டாகத் துணி ஒட்டித் தைத்த தடிமனான போர்வை. அந்த அறையே அதனால்தான் வீடு மாதிரி இருந்தது.

"கம்பளி வாணாம், இழுப்பு புள்ளைக்கு ஆவாது. பழைய நூல் பொடவைய நல்லா தொவச்சு, நாலு மடிப்பு போட்டு தை. பஞ்சு கிஞ்சு அடைக்காத."

அக்காவிடம் பழைய புடவைகள் வாங்கி, நல்ல தண்ணீரில் துவைத்து, வெட்டி, தைத்தான். துணிகள் சேருகிற மூலைக்கு மூலை வலைக்குப் போடுகிற முடிச்சையே போட்டான். அமலா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இத்த வச்சு வஞ்சிரமே புடிக்கலாம்யா!" நடுவில் மஞ்சள் துணியில் ஒரு மீன் வெட்டி ஒட்டினான். மீனுக்குக் கண் வைத்தபோது, மகளுக்கென்று தன் கையால் செய்த முதல் பொருள் இது என்று அவனுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி முடிச்சு விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவன் கரையில் பிறந்தவன். அந்தக் கரையில் புது வலையைக் கடல் தொடாமல் யாரும் படகில் ஏற்றமாட்டார்கள். கற்பூரம் கொளுத்தி, முதல் அலையில் முக்கி எடுத்தால்தான் அது வலை, அதுவரை வெறும் நூல். அப்பா அப்படித்தான் செய்தார், அவனும் அப்படித்தான் செய்கிறான். இவ்வளவு முடிச்சுப் போட்ட ஒன்றை, அதுவும் பிள்ளையின் மூச்சுக்காகப் போட்டதை, கடலுக்குக் காட்டாமல் எப்படி வீட்டுக்குள் கொண்டுபோவது? இடுப்பளவு தண்ணீரில் நின்று போர்வையை மூன்று முறை முக்கினான். "தாயே, எம்புள்ளைய வுட்டுடு" என்று வாய்விட்டுக் கும்பிட்டான். சனிக்கிழமை முழுக்க நல்ல வெயில். போர்வை அப்பளம் போலக் காய்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே வானம் மூடாக்கு. மழை இல்லை, கடலிலிருந்து கனத்த காற்று மட்டும் வந்தது. தேவயானி ஆட்டோவிலிருந்து இறங்கி வாசலிலேயே நின்றுவிட்டாள். வெள்ளைச் சுவர், சிப்பித் தொங்கல், கட்டிலில் விரித்த போர்வை. உள்ளே வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"நீயா தச்சே?"

"நாந்தான்."

"வூடு மாரி இருக்குதுய்யா," என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! ராம்கிக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது.

தமிழ்மொழி மீனைக் கண்டதும் அதன்மேலேயே குப்புறப் படுத்துக்கொண்டாள். "எம்மீனு" என்று யாரும் கேட்காமலேயே அறிவித்தாள். சோறு ஊட்டியதும், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கிப்போனாள். பெரியவர்கள் மூவரும் வாசலில் உட்கார்ந்தார்கள். மச்சான் ராஜ்குமார்கூட, "செவுரு நல்லா பண்ணிக்கிறீங்க மாப்ள" என்றான். தேவயானியின் பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. ராம்கி அதை அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டான்.

முதலில் கேட்டது அவனுக்குத்தான். உள்ளேயிருந்து ஒரு மெல்லிய விசில். காற்று சிப்பியில் உரசுகிறது என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தான். தேவயானி அதற்குள் எழுந்து ஓடியிருந்தாள்.

குழந்தையின் விலா உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது. இன்ஹேலரை வைத்து அழுத்தினாள். அடங்கவில்லை. முதுகைத் தடவப் போன கை போர்வையில் பட்டு நின்றது.

"இன்னாது, சில்லுனு இருக்குது? ஈரமா கீதே!"

"ஒழுவுற வூட்டுக்கு வெள்ள அடிச்சா ஆச்சா?" என்று ராஜ்குமார் கூரையைப் பார்த்தான்.

கூரையில் ஒரு சொட்டு இல்லை. ராம்கி போர்வையின் முனையை எடுத்து நாக்கில் வைத்தான். உப்பு.

கடலில் நனைந்த லுங்கி வெயிலில் காயும், மூடாக்குப் போட்டால் அதில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி ஈரமாகும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவனுக்குத் தெரிந்த சங்கதி. அந்த லுங்கியோடு வீட்டுக்குள் வராதே என்று அவனை எத்தனை பேர் விரட்டியிருக்கிறார்கள். அது எப்படி மறந்தது? மறக்கவில்லை. சாமி காரியம் என்று நினைத்த இடத்தில் உப்பு அவன் நினைப்பிலேயே வரவில்லை. கூரை ஒழுகுகிறது, நாளைக்கே சரி பண்ணிவிடுகிறேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நா எழுந்தது. மகளின் மூச்சைக் கேட்டுக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"கூர ஒழுவல. நாந்தான்… கடல்ல முக்கி எடுத்தேன். புது வலைய முக்குறாப்ல."

தேவயானி அவனை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான், திட்டியிருந்தால் தேவலை.

"உனக்கு நல்லதுன்னா அது கடல்தான், இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

"தேவி, வேற தச்சுடறேன். இல்ல, நானே அங்க வந்துடறேன். தொழில வுட்டுட்டு வந்துடறேன்."

"அங்க வந்து இன்னா பண்ணுவீங்க, எங்க நெலத்துல மல்லாட்ட புடுங்குவீங்களா?" என்றான் ராஜ்குமார். "ஜல்தியா கெளம்பு தேவி. பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்டலாம்."

அவள் குழந்தையைத் தோளில் போட்டாள். குனிந்து பையை இழுத்தாள். ராம்கி சட்டையைத் தேடினான்.

"நீ வராத. உம்மேல இருக்குற கோவத்துல நான் இன்னா சொல்லுவேனோ, எனக்கே தெரியல. அப்டியே ஓமந்தூருக்குப் போய்டுவோம்."

ஆட்டோவில் ஏறும்போதுதான் தெரிந்தது. தமிழ்மொழியின் கையில் போர்வையின் முனை, மீதி மண்ணில் புரண்டு வந்துகொண்டிருந்தது. தேவயானி விரலைப் பிரிக்கப் பார்த்தாள். குழந்தை இன்னும் இறுக்கி முகத்தோடு அணைத்துக்கொண்டது.

"எம்மீனு… எம்மீனு…" ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் விசில்.

"எடுய்யா அத்த!" என்று தேவயானி கத்தினாள்.

ராம்கி அந்தச் சின்ன விரல்களைப் பிடித்தான். மூச்சுக்குத் திண்டாடுகிற உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! ஒவ்வொரு விரலாகப் பிரித்து, போர்வையை வெடுக்கென்று பிடுங்கினான். தமிழ்மொழி வாயைத் திறந்தாள். அழ மூச்சு வரவில்லை. அப்பா தன்னுடையதைப் பிடுங்கிக்கொண்டார் என்ற ஒன்று மட்டும் தெரிந்த கண்ணோடு, திறந்த வாய் திறந்தபடி அவனையே பார்த்தாள். ராஜ்குமார் ஆட்டோவைக் கிளப்பினான்.